இரண்டு மருந்துக்கு ஐந்து சிரிஞ்சு

ஆண்கள் வார்டில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தேழு.

குரு பிரிசில்லா, வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். சீடர் ஞானதிரவியம், பட்டாளத்தின் மருத்துவப் பிரிவில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்கள். முதல் நாளே பிரிசில்லாவிடம் சல்யூட் அடிக்காத குறையாகச் சொன்னார்.

"வயசப் பாக்காதீங்க சிஸ்டர். இங்க நீங்கதான் நமக்கு குரு."

"குருவெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. கையக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தபோது பிரிசில்லா எவர்சில்வர் ட்ரேயில் சிரிஞ்சுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வயிற்றுப் புண்ணோடு வந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இரண்டு மருந்து எழுதியிருந்தார் டாக்டர். வயிற்று அமிலத்தை அடக்க பான்டாபிரசோல். வாந்தியை நிறுத்த ஓன்டான்செட்ரான். இரண்டும் நரம்பு வழியாகப் போகவேண்டும். ட்ரேயில் இருந்ததோ ஐந்து சிரிஞ்சு. ஒவ்வொன்றிலும் ஒரு லேபிள்.

முதலில் சலைன் என்ற உப்புத்தண்ணீர். பிறகு பான்டாபிரசோல். மறுபடி சலைன். பிறகு ஓன்டான்செட்ரான். கடைசியில் ஒரு சலைன்.

ஞானதிரவியம் எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டு மருந்துக்கு அஞ்சு சிரிஞ்சு எதுக்கு சிஸ்டர்? ரெண்டும் வயித்துக்குத்தானே? போற வழியும் ஒண்ணுதானே?"

பிரிசில்லா சிரித்தாள்.

"அஞ்சுல எது மருந்து அண்ணாச்சி?"

"ரெண்டாவதும் நாலாவதும்."

அவள் இன்னும் கொஞ்சம் சிரித்தாள். அதற்குள் வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

"நல்லா யோசிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞானக் கதைகளில் குரு சிரித்தால் சீடனுக்குப் பளிச்சென்று விடிந்துவிடும். வார்டில் அப்படியெல்லாம் விடிவதில்லை. ஞானதிரவியம் நன்றாகத்தான் யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. தன்னைவிடப் பதினாறு வயது சின்னப் பெண்ணிடம் ஒரே கேள்வியை எத்தனை தடவை கேட்பது? பட்டாளத்தில் காரணம் கேட்காமல் செய்து பழகியவர். ஐந்து என்றால் ஐந்து என்று அடுக்கினார், செலுத்தினார். ஒன்பது நாள் அப்படியே போனது.

பத்தாம் நாள் காலையில் மாசானமுத்து வந்தார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு வயது. இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி இரண்டு வருடமாக விழுங்கியதில் வயிறு புண்ணாகிப் போயிருந்தது. காலையில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தார் என்று மனைவி பேச்சியம்மாள் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நரம்பு கிடைக்கவில்லை. வலது கையில் மூன்று இடம், இடது கையில் ஒரு இடம் குத்திப் பார்த்தார்கள். ஐந்தாவதாக இடது புறங்கையில் ஒரு மெல்லிய நரம்பு அகப்பட்டது. அதில் ஊசிக்குழாயைப் போட்டு, ஒரு சாண் நீள இணைப்புக் குழாயை மாட்டி, ஞானதிரவியம் முதல் சலைனைத் தள்ளினார்.

"ஆத்தே!" என்று கத்தினார் மாசானமுத்து. நரம்பு அவ்வளவு மெல்லிசு. தண்ணீர் போனால்கூடக் குளிர்ந்து இழுத்தது.

"இவியளுக்கு ஊசின்னாலே ஆகாது சார்," என்றார் பேச்சியம்மாள். "பிள்ளையளுக்குத் தடுப்பூசி போடப் போனா, வெளிய நின்னுக்கிடுவாவ."

"இன்னும் எத்தனை தம்பி?" என்று கேட்டார் மாசானமுத்து. கண்ணோரம் தண்ணீர் நின்றது.

ஞானதிரவியம் ட்ரேயைப் பார்த்தார். இன்னும் நான்கு இருந்தன. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். நான்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டே ரெண்டு அண்ணாச்சி."

சொன்ன பிறகு சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமே. பான்டாபிரசோலை மெதுவாக, கடிகாரம் பார்த்துச் செலுத்தினார். மாசானமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். அடுத்தது சலைன். ஞானதிரவியம் அதை எடுத்து ட்ரேயின் ஓரமாகத் தள்ளி வைத்தார். வெறும் உப்புத்தண்ணி, இவரை எதற்கு இன்னொரு தடவை கத்த விடவேண்டும் என்று நினைத்தார். இரக்கத்தில்தான் நினைத்தார். அதில் சந்தேகமே இல்லை.

நான்காவது சிரிஞ்சை மாட்டி லேசாக அழுத்தினார்.

கண்ணாடிபோல் இருந்த இணைப்புக் குழாய்க்குள் வெள்ளையாக ஏதோ கிளம்பியது. தண்ணீரில் பால் சொட்டு விழுந்தது மாதிரி. அது மெல்ல நீண்டது.

கை நின்றுவிட்டது. அடுத்த நொடி, ஓரமாகத் தள்ளி வைத்திருந்த சலைனை நோக்கி அந்தக் கை தானாகவே போனது. அழுக்கு என்றால் தண்ணீர் விட்டுக் கழுவத்தானே தோன்றும்?

"தள்ளாதீங்க!"

பக்கத்துக் கட்டிலில் இருந்து இரண்டே எட்டில் வந்த பிரிசில்லா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையால், வெள்ளைக்கும் மாசானமுத்துவின் கைக்கும் நடுவே குழாயை அழுத்தி மடக்கினாள்.

"ஒரு சொட்டுகூடத் தள்ளக் கூடாது. கழுவினா அத்தனையும் ரத்தத்துக்குள்ள போயிரும். காலி சிரிஞ்சு ஒண்ணு எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். அவள் மடக்கிய பிடியை விடாமல் குழாயைக் கழற்றி எடுத்தாள். ஊசிக்குழாயில் காலி சிரிஞ்சை மாட்டிப் பின்னுக்கு இழுத்தாள். சிவப்பாக ரத்தம் வந்தது. அதில் வெள்ளை இல்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அதிலும் இல்லை. பிறகு ஊசிக்குழாயையும் உருவிவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"டாக்டரக் கூப்பிடுங்க. நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க."

ஞானதிரவியம் ஓடினார். நடந்தது நடந்தபடி சொன்னார். டியூட்டி டாக்டர் வந்து மூச்சைக் கேட்டார், நாடியைப் பார்த்தார், விரலில் மாட்டிய கருவியின் எண்ணைப் பார்த்தார். குழாயை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்தார். பாதிக் குழாயைத் தாண்டவில்லை.

"உள்ள போன மாதிரி தெரியல. எதுக்கும் அரை மணி நேரம் பக்கத்துலயே நின்னு பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பிரஷர் எடுங்க. மூச்சு லேசா மாறினாலும் என்னைக் கூப்பிடணும்."

அந்த அரை மணி நேரம் ஞானதிரவியம் கட்டிலை விட்டு நகரவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. பனிமலையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே கட்டுப் போட்டவர்தான். அப்போதெல்லாம் வராத பயம். அங்கே காயத்தை எவனோ உண்டாக்கினான், இவர் ஆற்றினார். இங்கே இவர் கையே உண்டாக்கப் பார்த்தது.

"என்னத்துக்கு தம்பி இப்படி மூஞ்சியவே பாக்கீரு?" என்றார் மாசானமுத்து.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மூச்சு நல்லா வருதா?"

"வருது. வாந்திதான் குமட்டுது."

ஆறு தடவை பிரஷர் எடுத்தார். ஆறு தடவையும் ஒரே மாதிரி இருந்தது. டாக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, "பயமில்ல," என்றார். ஞானதிரவியம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

பயமில்லைதான். ஆனால் இருந்த ஒரே நரம்பும் போய்விட்டது. வாந்தி மருந்து இன்னும் உள்ளே போகவில்லை.

"நரம்பு நீங்கதான் தேடணும் அண்ணாச்சி," என்றாள் பிரிசில்லா.

"நானா? இதுக்கு அப்புறமுமா சிஸ்டர்?"

"ஆமா. இந்த வார்டுல உங்கள மாதிரி நரம்பு எடுக்க ஆள் இல்ல. அவரு கைய நான் பிடிச்சுக்கிடுதேன்."

வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து மாசானமுத்துவின் வலது முழங்கையில் சுற்றிவைத்தார் ஞானதிரவியம். ஐந்து நிமிடம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கொஞ்சம் ஆழத்தில், விரலுக்குத் தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்தார். ஒரே குத்து. ரத்தம் எட்டிப் பார்த்தது.

"வலிக்கவே இல்லையே," என்றார் மாசானமுத்து. பிறகு ட்ரேயைப் பார்த்தார். "ரெண்டுன்னு சொன்னீரு. ஒண்ணு போட்டாச்சு. பாக்கி ஒண்ணுதானே?"

வேன் ஓட்டுகிறவர் கணக்கு. தினமும் பிள்ளைகளைத் தலை எண்ணி ஏற்றுகிறவர். ஏமாற்ற முடியாது.

"இல்ல அண்ணாச்சி. மூணு."

"என்னவே இது, கூடிக்கிட்டே போகுது!"

"காலையில நான் பொய் சொன்னேன். நாலு இருந்துது. நீரு கத்துனது பொறுக்காம ரெண்டுன்னுட்டேன். அதுக்காவ நடுவுல ஒண்ண விட்டுட்டேன். ரெண்டு மருந்தும் குழாய்க்குள்ளயே முட்டிக்கிட்டு வெள்ளையாயிட்டு. உள்ள போயிருந்தா உமக்கு ஆபத்து. சிஸ்டர்தான் தடுத்தாவ."

பேச்சியம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். மாசானமுத்து ட்ரேயை எட்டிப் பார்த்தார்.

"அந்த நடுவுல உள்ளது எதுக்கு?"

ஞானதிரவியம் சலைன் லேபிளை ஒரு தடவை படித்தார்.

"முழுசாத் தெரியாது அண்ணாச்சி."

"தெரியாமலா இத்தன நாளும் போட்டீரு?"

ஞானதிரவியத்துக்குக் காது மடல் சிவந்துவிட்டது. பதில் பக்கத்தில் நின்றவளிடமிருந்து வந்தது.

"ரெண்டுமே நல்ல மருந்து அண்ணாச்சி," என்றாள் பிரிசில்லா மாசானமுத்துவிடம். "ஆனா ஒண்ணு சோடா உப்புக் குணம், இன்னொண்ணு எலுமிச்சம்பழக் குணம். நேருக்கு நேரா சந்திச்சா தயிரு மாதிரி திரிஞ்சு போகும். நடுவுல உப்புத்தண்ணி போயி மொத மருந்த வழியில இல்லாம கழுவி விட்டுரணும்."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சொல்லி முடிக்க.

மாசானமுத்துவின் முகம் தெளிந்தது.

"அப்படிச் சொல்லுங்கம்மா! எங்க வேன்லயும் அதே கததான். பெரிய பிள்ளையள பள்ளிக்கூடத்துல இறக்கிட்டு, காலி வண்டியா வந்துதான் அடுத்த ட்ரிப்பு எல்.கே.ஜி பிள்ளையள ஏத்துவேன். முதலாளி டீசல் வீணாகுதுன்னு பேசுவாரு. ஒருநாள் ரெண்டையும் ஒண்ணா ஏத்தினேன். உள்ள ஒரே அடிதடி, நாலு பிள்ளைக்கு மூஞ்சி வீங்கிட்டு."

"காலி ட்ரிப்பு இல்லாம ஓட்ட மாட்டிய?"

"மாட்டேன்."

"இதுவும் அதுதான்," என்றாள் பிரிசில்லா.

"அப்படின்னா போடுங்க. மூணும் போடுங்க. காலி ட்ரிப்ப விட்டுராதீரும் தம்பி."

சலைன். ஓன்டான்செட்ரான், மெதுவாக. மறுபடி சலைன். இணைப்புக் குழாய் கடைசிவரை கண்ணாடியாகவே இருந்தது. ஞானதிரவியம் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மாசானமுத்து ஒரு தடவை "ஆத்தே" என்றார், அதுவும் பழக்கத்தில்.

அரை மணி நேரத்தில் குமட்டல் நின்றது. ஒரு மணி நேரத்தில் தூங்கிப்போனார். குறட்டை வார்டின் அந்தக் கோடி வரை கேட்டது.

"இருவத்தாறு வருசமா இந்தக் குறட்டையத் திட்டியிருக்கேன் சார்," என்றார் பேச்சியம்மாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இன்னைக்கு நல்லா விடட்டும்."

மதியம் டியூட்டி முடியும் நேரம். பிரிசில்லா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். வார்டில் தவறு எதுவும் நடந்தால் எழுதிவைக்கும் நோட்டு. திங்கட்கிழமைதோறும் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அதைப் படிப்பார்.

"எழுதணுமா சிஸ்டர்? அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

அவள் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

ஞானதிரவியம் எழுதினார். யார் என்ற இடத்தில் தன் பெயர். என்ன நடந்தது என்ற இடத்தில், நடந்தது முழுவதும். ஏன் நடந்தது என்ற இடத்தில் பேனா நின்றது. மூன்று மாதத் தவணையில் இன்னும் எண்பது நாள் பாக்கி இருந்தது. ஒருவேளை திங்கட்கிழமையோடு முடிந்துவிடலாம். 'என் கவனக்குறைவு' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பிரிசில்லா படித்தாள். அதை அடிக்கவில்லை. அதன் கீழே தன் கையெழுத்தில் எழுதினாள்.

'இவர் முதல் நாளே காரணம் கேட்டார். நான் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனேன்.' அடியில் கையெழுத்துப் போட்டாள்.

ஞானதிரவியம் பதறிவிட்டார்.

"என்ன சிஸ்டர் இது! தப்பு என்னுது. உங்க பேர எதுக்கு இதுல..."

"மாசானமுத்து அண்ணாச்சி என்ன கேட்டாரு? தெரியாமலா போட்டீருன்னு கேட்டாரு. அது உங்களக் கேட்டது இல்ல."

எழுந்து மருந்து அலமாரிப் பக்கம் போனாள். பயன்படுத்தி மிஞ்சிய இரண்டு மருந்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். முதல் மருந்தை விட்டாள். தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டாவதை விட்டாள். கிண்ணம் வெளுத்தது.

அதைக் கொட்டிவிட்டு, காலியான ஓர் இணைப்புக் குழாயை அவர் கையில் கொடுத்தாள். மிச்சமிருந்த இரண்டு மருந்தையும் ஒரு சலைனையும் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப நீங்க."

அவர் முதல் மருந்தைத் தள்ளினார். பிறகு சலைன். பிறகு இரண்டாவது மருந்து. குழாய் தெளிவாகவே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தேழு வயதுக்காரரின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"எல்லா மருந்தும் இப்படித்தானா சிஸ்டர்?"

"இல்ல. சிலது சேரும், சிலது சேராது. தெரியலன்னா சேராதுன்னே வச்சுக்கோங்க. பார்மசிக்கு ஒரு போன் போடுங்க. நானும் அப்படித்தான் கேக்கேன்."

"நீங்களுமா?"

"பின்ன?"

ஞானதிரவியம் குழாயைக் கீழே வைத்தார். பத்து நாளாக மனதில் கிடந்தது வெளியே வந்தது.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டியளே சிஸ்டர். அஞ்சுல எது மருந்துன்னு. அதுக்கு என்ன பதிலு?"

பிரிசில்லாவின் முகத்தில் கொஞ்சம் வெட்கம் வந்தது.

"அதுக்குப் பதிலே கிடையாது அண்ணாச்சி. ஸ்ட்ரெச்சர் வந்துட்டு. அவசரம். நீங்க வேற குருன்னு சொல்லிட்டிய. சும்மா பகுமானத்துக்கு, பெரிய குரு மாதிரி கேட்டேன்."

ஞானதிரவியம் அவளையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பத்து நாள் யோசித்திருக்கிறாரே! அவளும் சிரித்தாள். அந்தக் கோடியில் மாசானமுத்து ஒரு கணம் குறட்டையை நிறுத்தி, புரண்டு படுத்து, மறுபடி தொடங்கினார்.

"திங்கட்கிழமை மேட்ரன் கூப்பிட்டா ரெண்டு பேருமா போவோம்," என்றாள் பிரிசில்லா, நோட்டை இழுப்பறையில் வைத்து மூடியபடி.

"சரி சிஸ்டர்."

"இன்னொண்ணு அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"இனிமே நீங்க ஏதாவது கேட்டு, நான் சிரிச்சுட்டுப் போனேன்னா, பின்னாலேயே வந்து இன்னொரு தடவ கேளுங்க."